ஊரே கேட்டுக்கொண்டிருக்க எழுந்த கம்ப்யூட்டர்

நிமியா ஒர்திகோசாவுக்கு மைக் எதற்கு என்று அவளுடைய சின்ன ஊரான பிராயூவில் கேட்பார்கள். வாசலில் நின்று சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவில் பல் துலக்கிக்கொண்டிருப்பவன் பதில் சொல்வான். அப்படியொரு தொண்டை. பராகுவாயில் பாதிப்பேர் செய்வதைப்போல அவளும் இளவயதில் பஸ் ஏறி அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் போனாள். அங்கே பார்வை மங்கிய ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. தினமும் அவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்ட வேண்டும். நிமியா படிக்க ஆரம்பித்தால் முற்றத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் ஒவ்வொன்றாக ஜன்னல் திறக்கும். செய்தி சப்பென்று இருக்கும் நாளில் அவளே ஒரு கல்யாணத்தையோ நாய்க்கடியையோ சேர்த்துவிடுவாள். "நேத்து நாய் கடிச்சுதே, அந்த மந்திரிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மாடி வீட்டுக்காரி ஒருநாள் கேட்டபோதுதான் தன் தொழில் எதுவென்று அவளுக்குப் புரிந்தது.

ஊர் திரும்பும்போது பெட்டியில் துணிக்கு நடுவே பழைய ஒலிபரப்புக் கருவி ஒன்றைச் சுற்றி எடுத்து வந்தாள். கசாப்புக்காரன் இசபெலினோவைக் கல்யாணம் செய்துகொண்டாள். இசபெலினோ கடையைச் சந்தைக்குள் மாற்றியதும் வீட்டை ஒட்டிய பழைய கடையறை அவள் கைக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டி மேல் ஆண்டெனா ஏறியது. மாட்டுத்தொடை தொங்கிய இரும்புக் கொக்கியில் மைக் தொங்கியது. அரசாங்க உரிமத்தில் அந்த நிலையத்துக்கு ஏதோ ஒரு புனிதரின் பெயர் உண்டு. ஊரில் யாருக்கும் அது தெரியாது. எல்லாருக்கும் அது கொக்கி எஃப்.எம்.

பிறந்தநாள் வாழ்த்து, காணாமல் போன பசு, நாளைக்குத் தண்ணீர் வராது, இன்னார் இறந்துபோனார், அடக்கம் இத்தனை மணிக்கு. நடுநடுவே பாட்டு. இதுதான் கொக்கி எஃப்.எம். ஊர் எழுந்திருப்பதே அவள் குரலில்தான். இறப்புச் செய்தியை மட்டும் அவள் குரலைத் தணித்துப் படிப்பாள். அதில்தான் ஒருமுறை பெரிய வம்பு வந்தது.

பக்கத்து ஊரான பராகுவாரியில் இன்னொரு வானொலி நடத்துகிறவர் அர்செனியோ பெனேகாஸ். அதே பெயரில் மலையடிவாரத்தில் ஒரு முதியவர் இருந்தது நிமியாவுக்குத் தெரியாது. முதியவர் போய்ச் சேர்ந்தார். நிமியா உருக்கமாக அறிவித்தாள், "நம் சகோதர வானொலியின் அன்புக் குரல் அடங்கியது" என்று. அன்றைக்கு அர்செனியோ குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு கதவைத் திறந்தபோது வாசலில் மலர்வளையத்தோடு இருபதுபேர் நின்றார்கள். அதில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து அவர் நிகழ்ச்சியை இப்படித்தான் தொடங்குவார்: "உங்களோடு பேசுவது, உயிரோடு இருக்கும் அர்செனியோ பெனேகாஸ்." இவளும் சும்மா இருப்பாளா? "பக்கத்து ஊர் ரேடியோவில் ஏதோ ஆவி பேசுதுன்னு சொல்றாங்க, குழந்தைகளைப் பத்திரமாப் பாத்துக்குங்க" என்பாள். நேரில் பார்த்தால் இருவரும் தெருவின் எதிரெதிர்ப் பக்கத்தில் நடப்பார்கள். வருடக்கணக்காக இதே கூத்து.

மகள் ரொசானா ஸ்பெயினில், மாலகாவில், ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறாள். அவள்தான் ஒருநாள் போனில் ஆரம்பித்தாள்.

"அம்மா, இங்க நம்ம ஊர்க்காரங்க ஒரு கூட்டமே இருக்கு. எல்லாரும் உன் ரேடியோவ நெட்ல கேக்குறாங்க. குரல் மட்டும் வந்தா எப்படி, முகத்தையும் காட்டச் சொல்லுங்கிறாங்க."

"முகத்தப் பாத்து என்னடி பண்ணப் போறாங்க? கேக்குற கூட்டமும் ஓடிறப் போவுது."

"ஒரு கேமரா மாட்டும்மா. நான் உன்னைப் பாத்து எவ்வளவு நாளாச்சு."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. கேமரா வந்தது. ஆனால் அதை மாட்டியதும் ஸ்டுடியோவின் பழைய கம்ப்யூட்டர் மலையேறும் லாரிபோல முனகியது. படம் ஓரடி நகர்வதற்குள் பாட்டு நின்றது. எல்லைப்பட்டணத்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் மைத்துனன் ஒருவன் கூடுதல் நினைவகமான ராமும் படத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். மாட்டுவதற்கு ஆள் தேடியபோது இசபெலினோ ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தான்.

"ஆள் எதுக்கு? முழுப் பன்றியப் பிரிச்சு அடுக்குறவன் நான். நாலு ஸ்க்ரூ கழட்டத் தெரியாதா?"

"பன்றிய நீ பிரிச்சிருக்கே. திரும்ப மாட்டி நடக்க வெச்சிருக்கியா?"

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாலையில் ஒரு வீடியோவைப் பார்த்தான். பெட்டியைத் திறந்தான். பட்டாம்பூச்சியைப் பிடிப்பதுபோல அந்தச் சின்னச் சின்னப் பலகைகளை விரல்நுனியில் எடுத்துச் சொருகினான். மூடினான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் சாப்பிடப் போனார்கள்.

நாளை என்பது ஜூலை முப்பது, நண்பர்கள் தினம். பராகுவாயில் அன்றைக்கு யாரும் யாரையும் வாழ்த்தாமல் விடுவதில்லை. பள்ளிக்கூடத்தில், வங்கியில், ஏன், போலீஸ் ஸ்டேஷனில்கூடப் பரிசு மாற்றிக்கொள்வார்கள். கொக்கி எஃப்.எம்முக்கு வருடத்திலேயே பெரிய நாள் அதுதான். ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஒரு பாட்டு. அத்தனை பாட்டும் கம்ப்யூட்டருக்குள்.

நல்ல குளிர்காலைப் பொழுது. நிமியா சூடான மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குவளையோடு வந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் அடுப்புக்கரியாக இருந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பீ... பீ... பீ... என்று மூன்று நீளம். கொஞ்சம் மௌனம். மறுபடி மூன்று நீளம்.

"இசபெலினோ" என்று கூப்பிட்டாள். மைக் இல்லாமல்தான். சந்தையில் மாட்டெலும்பை வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தான்.

"நேத்து என்ன பண்ணுனே?"

"சொருகுனேன்."

"என்ன சத்தம் இது?"

"புதுசு மாட்டியிருக்கோம்ல, சந்தோஷத்துல கத்துது."

நிகழ்ச்சி தொடங்கும் நேரம் வந்துவிட்டது. மைக்கும் ஒலிபரப்புக் கருவியும் கம்ப்யூட்டரை நம்பி இல்லை. அவை பாட்டுக்கு வேலை செய்தன. தொடக்க இசை மட்டும்தான் இல்லை. நிமியா ஒரு மூச்சு இழுத்தாள். தொடக்க இசையான போல்காவைத் தானே வாயால் வாசித்தாள். ஹார்ப்புக்கு ஒரு குரல், கிதாருக்கு ஒரு குரல், நடுவில் ஆடுகிறவர்கள் அடிக்கும் சீழ்க்கைக்கு ஒன்று. பிறகு இரும்புக்கடை விளம்பரப் பாட்டையும் தானே பாடினாள். மெட்டு மறந்துபோய்த் தாலாட்டு மெட்டில் பாடினாள். அந்த ஊரில் மரியாதைக்குப் பெண்கள் பெயருக்கு முன் 'ஞா'வும் ஆண்கள் பெயருக்கு முன் 'டோன்'னும் சேர்ப்பார்கள். கடைக்காரர் உடனே குரல் செய்தி அனுப்பினார்: "ஞா நிமியா, இனிமே இதையே வெச்சுக்குங்க. என் மாமியாரே முதல்முறையா நம்ம விளம்பரத்தக் கேட்டு ரசிச்சாங்க."

அந்தப் பாராட்டு அவள் தலைக்கு ஏறியது. ஏற்கெனவே பதற்றத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டிருந்தது. மைக்கைப் பிடித்துச் சொன்னாள்:

"அன்பு நண்பர்களே, உண்மையச் சொல்லிடறேன். இன்னிக்கு ஒரு பாட்டும் கிடையாது. என் வீட்டுக்காரர் நேத்து நம்ம கம்ப்யூட்டருக்கு ஆபரேஷன் பண்ணுனாரு. நோயாளி இன்னும் கண்ணத் திறக்கல. மூச்சு ஓடுது, முனகுது, கண்ணு மட்டும் இருட்டு. இப்ப நாங்க அதத் திறந்து பாக்கப் போறோம். நீங்களும் கூட இருங்க."

மைக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பீ... பீ... பீ... என்று பிராயூ முழுக்கக் கேட்டது. பேக்கரியில் கேட்டது. பள்ளி வாசலில் கேட்டது. தலையில் சிபா ரொட்டிக் கூடையோடு பஸ்ஸில் விற்கப் புறப்பட்ட ஞா பெனிக்னா, ஸ்டுடியோ ஜன்னலருகில் கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பஸ் வந்தது, போனது. அவள் நகரவில்லை.

யோசனைகள் கொட்டின. ஒருவர் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கச் சொன்னார். ஒருவர் மந்திரித்த தண்ணீர் தெளிக்கச் சொன்னார். இன்னொருவர் தண்ணீர் தெளித்துத் தன் கம்ப்யூட்டர் செத்த கதையைச் சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி, சில நிமிடம் அதைத் தனியாக விடுங்கள், குழந்தைகளுக்கும் அது தேவைப்படும் என்றாள். நிமியா ஒவ்வொன்றையும் ஒலிபரப்பி ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னாள். இசபெலினோ ஸ்க்ரூவைக் கழற்ற, அவள் கால்பந்து வர்ணனைபோலச் சொல்லிக்கொண்டே போனாள். "முதல் ஸ்க்ரூ கழண்டது. ரெண்டாவது முரண்டு பிடிக்குது. இசபெலினோ நெருங்குறாரு, திருப்புறாரு, வழுக்குது, ஸ்க்ரூ கீழ விழுந்து மேசைக்கடியில உருண்டு போவுது, பூனை எடுத்துட்டுது..."

அங்கே பராகுவாரியில் அர்செனியோவின் போன் ஊமையாகிவிட்டது. நண்பர்கள் தினத்தில் ஒரு வாழ்த்துகூட வரவில்லை. கேட்பவர்கள் எல்லாரும் எங்கே தொலைந்தார்கள் என்று சந்தேகப்பட்டுப் பக்கத்திலிருந்த சின்ன ரேடியோவைத் திருகினார். கொக்கி எஃப்.எம்மில் பூனை ஸ்க்ரூவோடு ஓடிக்கொண்டிருந்தது. பின்னணியில் மூன்று நீளச் சத்தம். அர்செனியோ சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரைக் கூட்டிப் பூட்டியவர். அந்தச் சத்தம் அவருக்கு அத்துப்படி. பொறுக்க முடியாமல் தன் மைக்கிலேயே சொல்லிவிட்டார்:

"அது ராம். பக்கத்து ஊர் அம்மாகிட்ட யாராவது சொல்லுங்க. ராம் சரியா உக்காரல."

நொடியில் ஐந்தாறு பேர் நிமியாவுக்குச் சொல்லிவிட்டார்கள். நிமியா உதட்டைச் சுழித்தாள்.

"நண்பர்களே, வேற உலகத்துலேர்ந்து ஒரு குரல், ராம் சரியா உக்காரலன்னு சொல்லுதாம். அந்தக் குரல்கிட்ட கேட்டுச் சொல்லுங்க, எப்படி உக்கார வைக்கிறதுன்னு."

"முதல்ல கரண்டப் பிடுங்கச் சொல்லுங்க" என்றார் அர்செனியோ தன் வானொலியில். "பெட்டியோட இரும்பத் தொட்டுட்டு அப்புறம் உள்ள கை வைக்கச் சொல்லுங்க. குளிருக்குக் கம்பளி போட்டிருப்பாங்க, பொறி பறக்கும்."

இப்படியாக இரண்டு ஊர்க்காரர்களும் ரேடியோவின் திருகியைப் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் திருப்பத் தொடங்கினார்கள். இரண்டு ரேடியோ உள்ள வீடுகளில் இரண்டையும் வைத்தார்கள். அவர் கேட்பார், இவள் பதில் சொல்வாள், ஆனால் ஒருவர் பெயரை மற்றவர் சொல்லவில்லை.

"ரெண்டு பக்கமும் கொக்கி இருக்கும். தானா மேல வந்து மூடணும். மூடியிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க."

"ஒரு பக்கம் மூடியிருக்கு. ஒரு பக்கம் வாயப் பொளந்துட்டு நிக்குது."

"அப்ப நல்லா அழுத்தணும். மெதுவா இல்ல. நல்லா."

இசபெலினோ கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "உடைஞ்சிரும்" என்றான். எருமைத் தலையை ஒரே வெட்டில் பிளக்கிறவனுக்கு அந்த மெல்லிய பச்சைப் பட்டையைக் கண்டு நடுக்கம். நிமியா அவனை இடுப்பால் ஒதுக்கிவிட்டு இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினாள். 'டக்' என்றது. அடுத்ததும் 'டக்'. அந்தச் சத்தம் மைக்கில் தெளிவாக விழுந்தது. பேக்கரியில் கைதட்டினார்கள்.

கரண்டு கொடுத்துப் பொத்தானை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது. எல்லாரும் காத்திருந்தார்கள். இந்தமுறை ஒரே ஒரு சின்னப் 'பிப்'. அவ்வளவுதான்.

"ஒத்தச் சத்தம்" என்றாள் நிமியா. "சின்னதா. பெத்தவுடனே குழந்தை தும்முன மாதிரி."

"அதுதான் நல்ல சத்தம்" என்று அர்செனியோ மறுமுனையில் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். "எழுந்திருச்சிட்டுது. திரையில என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. இன்னும் கரிதான்."

அர்செனியோவால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. நீளமான போல்காத் தொகுப்பு ஒன்றை ஓடவிட்டார். "உயிரோடு இருக்கும் அர்செனியோ பெனேகாஸ் கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். வழியெல்லாம் வீடுகளிலிருந்து ஆட்கள் கையசைத்தார்கள். ஒருவன் வாசலுக்கு வெளியே வந்து "சீக்கிரம் போங்க டோன் அர்செனியோ, அவங்க என்னமோ திருகுறாங்க" என்று கத்தினான்.

ஸ்டுடியோ வாசலில் அவர் வந்து நின்றபோது நிமியா பெட்டிக்குள் தலையை விட்டிருந்தாள். ஜன்னலில் இருந்த ஞா பெனிக்னாதான் முதலில் பார்த்தாள்.

"செத்தவர் வந்துட்டாரு" என்றாள்.

நிமியா தலையைத் தூக்கினாள். இத்தனை வருடத்தில் இவ்வளவு அருகில் அவர் நின்றதில்லை. ஹெல்மெட்டால் நசுங்கிய முடி, குளிரில் சிவந்த மூக்கு.  மைக் திறந்தே இருந்தது. கேட்பவர்களுக்கு ஃபேன் சுற்றும் சத்தம்தான் போனது. 

"உள்ள வாங்க" என்றாள் கடைசியில். "ஆவிக்குக் கதவெல்லாம் எதுக்கு, சுவர் வழியா வருவீங்கன்னு நெனச்சேன்."

"மலர்வளையம் இருந்தா எடுத்து ஓரமா வைங்க, வர்றேன்."

இசபெலினோதான் முதலில் சிரித்தான். பிறகு ஞா பெனிக்னா. பிறகு அடக்க முடியாமல் நிமியா. அவளுடைய சிரிப்புக்கு ஒலிபரப்புக் கருவியின் ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

அர்செனியோ பெட்டியின் பின்பக்கம் போனார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"திரையோட கேபிள எங்க சொருகியிருக்கீங்க?"

"எப்பவும் சொருகுற இடத்துலதான்" என்றான் இசபெலினோ.

"அதானே. புது கார்டு மாட்டுனா படம் அந்தக் கார்டு வழியா வரும். நீங்க பழைய வாசல்ல நின்னுக்கிட்டு விருந்தாளி வரலன்னா எப்படி? அவன் பக்கத்து வாசல்ல நிக்கிறான்."

கேபிளைப் பிடுங்கிக் கீழே இருந்த கார்டின் துளையில் சொருகினார். திரை கண்ணைச் சிமிட்டியது. கறுப்பில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

"எழுத்து வருது" என்றாள் நிமியா மைக்கில். குரல் ஏறியது. "நண்பர்களே, எழுத்து வருது. வரிசை வரிசையா வருது. நிக்குது. ஒரு வரி மட்டும் நிக்குது. ஆங்கிலத்துல இருக்கு."

அர்செனியோ படித்தார். முகம் மாறியது.

"எல்லாத்தையும் சேமிச்சு வெச்சிருக்கிற டிஸ்க் இல்லன்னு சொல்லுது. எழுந்திருக்க எதுவுமே கிடைக்கலையாம்."

மறுபடி அணைத்துப் போட்டார்கள். அதே வரி. அர்செனியோ நாற்காலியில் உட்கார்ந்து தாடையைத் தடவினார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு மெல்லச் சொன்னார்: "ஞா நிமியா, பழைய டிஸ்க். திறந்து மூடுற அதிர்ச்சியில சில சமயம் போயிடும். நகல் எடுத்து வெச்சிருக்கீங்களா?"

அவள் எடுத்து வைக்கவில்லை.

பாட்டு போனால் வாங்கலாம். அந்த டிஸ்க்கில் வேறொன்று இருந்தது. ஆரம்பத்திலிருந்தே வாழ்த்துச் சொல்ல வந்தவர்களின் குரலையெல்லாம் அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். பேத்திக்குப் பாடிய தாத்தாக்கள், வாக்குவாதத்தில் முடிந்த காதல் வாழ்த்துகள், ரொசானா ஏழு வயதில் வந்து படித்த வானிலை அறிக்கை. அதில் அவள் மழையை மேகத்தின் மூத்திரம் என்று சொல்லியிருப்பாள்.  இசபெலினோ சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அர்செனியோ, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று மைக்கிலிருந்து கையை எடுத்தார். "அன்பான கேட்பாளர்களே, வருத்தத்தோட அறிவிக்கிறோம், கொக்கி எஃப்.எம்மோட டிஸ்க்..."

"இருங்க" என்றாள் நிமியா. "உங்கள நான் சாகடிச்சது ஆளு தெரியாம. நீங்க கண்ணுல பாக்காமலே சாகடிக்கிறீங்க. நான் ஒருதரம் பாத்துச் சொல்றேன்."

அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை, கண்ணில் பட்டதைச் சொல்வது. பியூனஸ் அயர்ஸில் செய்தித்தாளைப் பிடித்ததுபோலப் பெட்டியின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.  

"நண்பர்களே, இப்ப உள்ள என்ன இருக்குன்னு சொல்றேன். நடுவுல பெரிய பச்சைப் பலகை. அதுமேல ஃபேன், தூசி புடிச்சிருக்கு, வெக்கமா இருக்கு, யார்கிட்டயும் சொல்லாதீங்க. வலப்பக்கம் நம்ம ராம், ரெண்டு கொக்கியும் மூடியிருக்கு. கீழ புது கார்டு, பருமனா, பஸ்ல ரெண்டு சீட்டுல உக்காந்தவன் மாதிரி. அந்தாண்ட டிஸ்க்கு. டிஸ்க்குலேர்ந்து செவப்பா ஒரு பட்டைக் கேபிள் கிளம்புது. கிளம்பி வளையுது. வளைஞ்சு கார்டுக்கு அடியில போவுது. அடியில போயி..."

நிறுத்தினாள்.

"அடியில போயி எங்கயும் போகல."

மூன்று தலைகள் ஒரே நேரத்தில் குனிந்து முட்டிக்கொண்டன. அந்த 'டொக்' சத்தமும் ஊருக்குக் கேட்டது. புது கார்டு பருமன். அதை உள்ளே தள்ளியபோது டிஸ்க் கேபிளின் முனையை அது நெம்பிக் கழற்றியிருந்தது. பார்த்தால் சொருகியதுபோலவே தெரியும். விரலால் தொட்டால் ஆடியது. அர்செனியோ கரண்டைப் பிடுங்கினார். கார்டை அவர் தூக்கிப் பிடித்துக்கொள்ள, இசபெலினோ விரலை விட்டுக் கேபிளைச் சொருகினான். இந்தமுறை பயப்படாமல் நன்றாக அழுத்தினான்.

"யாரு அழுத்துறது?" என்றார் அர்செனியோ பொத்தானைக் காட்டி.

"நீங்க அழுத்துங்க" என்றாள் நிமியா. "போனா உங்க தலையில."

ஃபேன். ஒற்றைப் 'பிப்'. எழுத்துகள். கறுப்பு. கொஞ்சம் நீண்ட கறுப்பு. பிறகு திரையில் நீலம் விரிந்தது. கம்ப்யூட்டர் எழும்போது போடும் அந்தச் சின்ன இசை ஸ்பீக்கரில் வந்து, மைக்கில் நுழைந்து, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, ஓட்டு வீடுகள்மேல் பரவியது.

 தேவாலயத்துப் பக்கத்திலிருந்து ஒரு வெடி வெடித்தது. அடுத்து சந்தைப் பக்கம். பராகுவாயில் கால்பந்தில் ஜெயித்தாலும் வெடி, சாமி புறப்பட்டாலும் வெடி, வீட்டில் எப்போதும் நாலு மிச்சம் இருக்கும். பள்ளியில் பிள்ளைகள் கத்திய கத்து ஸ்டுடியோ வரை வந்தது. போலீஸ்காரர் சைரனைத் தட்டிவிட்டு, தவறுதலாகப் பட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். ஞா பெனிக்னா கூடையைத் தலைக்கு ஏற்றப் போனாள், பார்த்தால் கூடை காலி. கூட்டம் கூடக்கூட யாரோ எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். காசை ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறார்கள். கடைசி சிபா அர்செனியோவின் வாயில் இருந்தது.

அந்த நிலையில்தான் கேமரா விழித்தது. எழுந்தவுடன் தானாக இணையத்தில் ஒளிபரப்பத் தொடங்கும்படி அதை ஏற்கெனவே அமைத்து வைத்திருந்தார்கள். நிமியா அதை மறந்தே போயிருந்தாள். போன் அடித்தது. மாலகா.

"அம்மா, படம் வருது. நல்லாவே வருது. ஆனா வாய் நெறைய ரொட்டியோட கேமராவ மொறைக்கிறாரே, அவரு யாரு?"

"செத்துப்போனாருன்னு நான் சொன்னேனே, அவருதான்."

"அவரக் கொஞ்சம் நகரச் சொல்லு. உன்னத்தான் பாக்கணும்."

அர்செனியோ நகர்ந்தார். நிமியா கேமரா முன் வந்து நின்றாள். முடியில் தூசி, கன்னத்தில் அழுக்கு, தலை முட்டிய இடத்தில் நெற்றி வீங்கியிருந்தது.  ரொசானாவுக்குப் பின்னால் சமையலறைப் பாத்திரங்கள் சத்தமிட்டன. பிறகு, "குண்டாயிட்டே" என்றாள். நிமியா அழுதுகொண்டே சிரித்தாள். அதுவும் ஒலிபரப்பானது. யாரும் குறை சொல்லவில்லை.

அன்று மதியம் வரை வாழ்த்துகளை இருவரும் சேர்ந்தே படித்தார்கள். போல்காத் தொகுப்பு தீர்ந்துபோய், பராகுவாரி வானொலி வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. கேட்பவர்கள் இங்கே வந்துவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை. புறப்படும்போது அர்செனியோ வாசலில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"அன்னிக்கு அந்த அறிவிப்புல, என் குரலப் பத்தி ரொம்ப நல்லா சொல்லியிருந்தீங்க" என்றார். "பதிவு இருந்தா அனுப்புங்க. எங்கம்மா கேக்கணும்னாங்க."

"டிஸ்க்குல இருக்கு" என்றாள் நிமியா. "அனுப்புறேன்."

மறுநாள் ஊர் வழக்கம்போலப் பாட்டோடு விழித்தது. ஆனால் செய்திகள் வந்தபடியே இருந்தன: இன்றைக்கு என்ன ரிப்பேர், ஏன் ஒன்றும் கெடவில்லை, இசபெலினோ இன்று எதையும் கழற்றவில்லையா. வேறு வழியின்றிச் சனிக்கிழமை காலைகளில் இரண்டு வானொலியும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி வைத்தன. ஊர்க்காரர்கள் கெட்டுப்போன சாமானைக் கொண்டுவர வேண்டும். அர்செனியோ திறப்பார், இசபெலினோ பிடித்துக்கொள்வான், நிமியா சொல்வாள். பாதி சாமான்கள் சரியாவதில்லை. அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை.

ஒரு சனிக்கிழமை, மலைப்பக்கத்துப் பெண் ஒருத்தி குஞ்சு பொரிக்கும் மின்சாரப் பெட்டியைத் துணியில் பொதிந்து தூக்கிக்கொண்டு வந்தாள். சூடு ஏறவில்லை, உள்ளே முட்டை இருக்கிறது, வழியெல்லாம் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தேன் என்றாள். அர்செனியோ ஒயரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஏதோ கொத்தும் சத்தம் கேட்டது. நிமியா மைக்கைக் கொக்கியிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் நீட்டினாள். ஓடு கீறியது. ஈரமான ஒரு குஞ்சு தலையை நீட்டி மைக்கைக் கொத்தியது.

"இதுக்குப் பேரு அர்செனியோ" என்றாள் நிமியா.

"சேவலா பெட்டையான்னு தெரியாமலே பேரு வைக்கிறீங்க. நீங்க இப்படித்தான் எதையும் விசாரிக்காம அறிவிப்பீங்க" என்றார் அவர். அடுத்த முட்டையும் கீறத் தொடங்கியது.